தடியன் என்றொரு எழுத்து

ஜூன் 3

அண்ணிக்கு,

முன்னால் 'அன்புள்ள' என்று போட்டுப் பார்த்தேன். கை ஒத்துழைக்கவில்லை. அதனால் வெறும் அண்ணிதான்.

நேற்று அண்ணன் ஒரு படம் அனுப்பினான். உங்கள் படகுத்துறையில் புதுப் பலகைகள் மாட்டியிருக்கிறார்களாம். "பாரேன், எப்படி ஜம்முன்னு இருக்கு" என்று கீழே ஒரு வரி வேறு. பார்த்தேன். சந்தை, மருத்துவமனை, கல்லூரி, வெளியே செல்லும் வழி. நீலப் பலகையில் வெள்ளை எழுத்து. ஒவ்வொன்றும் ஆள் உயரத்தில் பாதி. அத்தனையும் என் எழுத்து! இரண்டு வருடமாக நான் வரைந்துகொண்டிருக்கிற, இன்னும் முடியாத, ஒருவருக்கும் கொடுக்காத என் தடியன்.

யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?

அண்ணனுக்குத் தடியனின் எழுத்துருக் கோப்பை அனுப்பியது அவன் பள்ளிக்கூடத்துப் பெரிய பிரிண்டரில் சில தாள் அடித்து எனக்குத் தபாலில் போடத்தான். என் அறையில் இருப்பது சின்ன பிரிண்டர். அதில் தடியனுக்கு மூச்சு முட்டும். கணக்கு வாத்தியாரை நம்பிக் கொடுத்தேன். அவர் வீட்டுக்காரி படகுத்துறைப் பொறுப்பாளர் என்பதை மறந்துபோனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உங்களுக்கு அது தடியான எழுத்து, அவ்வளவுதான். கடையில் கிடைக்கிற தடித்த எழுத்தெல்லாம் மரக்கட்டை மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே பருமன். இன்னொரு வகையில் கோட்டின் நுனியில் தனியாக ஒரு பாதம் ஒட்டியிருக்கும். நம் எழுத்துக்கு அந்தப் பாதம் இரவல் செருப்பு, நடக்கும்போது கழன்றுவிடும். தடியன் இரண்டு சாதியும் இல்லை. அவன் கோடு நடுவில் கொஞ்சம் இடுப்பு ஒடுங்கி, நுனிக்குப் போகப் போக மெல்ல விரியும். எங்கே விரிய ஆரம்பித்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. தூரிகையைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு அழுத்து அழுத்துவோமே, அந்த விரிவுதான். ட-வின் அடிக்கோடு வலது பக்கம் போய் முடிகிற இடத்தை மட்டும் எத்தனை தடவை வரைந்தேன் என்று கேட்காதீர்கள், அழுதுவிடுவேன்.

அழுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பல பேர் திருப்பி அனுப்பின பிறகு ஒரு எழுத்துருக் கம்பெனி தடியனை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. ஒரே நிபந்தனை. முனைகள் வீங்கின மாதிரி இருக்கிறதாம், நேராக வெட்டிவிட வேண்டுமாம். இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். பாதி எழுத்துக்கு வெட்டியாகிவிட்டது. கொடுத்தபின் பழைய முனையோடு அவன் உலகத்தில் எங்கேயும் இருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் நீங்கள் அவனைத் துறையில் நிறுத்தி ஊருக்கே காட்டிக்கொண்டிருக்கிறீர்கள்!

அந்த 'வழி'யில் இருக்கிற ழ-வைப் பார்க்கவே சகிக்கவில்லை. அதன் வாலை நான் இன்னும் முடிக்கவே இல்லை.

பலகைகளைக் கழற்றிவிடுங்கள். போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். நீங்கள் போனில் பேசினால் கடைசியில் நான் சிரித்துவிடுவேன். இந்தத் தடவை சிரிக்க விருப்பமில்லை.

உங்கள் நாத்தனார்


ஜூன் 7

நண்டுக்கு,

கடிதம் வந்தது. உறையைத் தொடும்போதே சூடு தெரிந்தது. உன் அண்ணன் முதலில் படித்துவிட்டு, "நான் ஸ்கூலுக்குக் கெளம்பறேன்" என்றார். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவே இல்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, பாவம்.

உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தப்புதான். போதுமா? காலில் விழ வேண்டுமென்றால் நீ இங்கே வந்தால்தான் உண்டு, தபாலில் விழ முடியாது. ஏன் கேட்கவில்லை என்றால், கேட்டால் நீ "இன்னும் முடியல அண்ணி" என்பாய். போன வருடமும் அதையேதான் சொன்னாய். உன்னை விட்டால் ட-வைப் பிடித்துக்கொண்டே கிழவியாகிவிடுவாய்.

நடந்ததைச் சொல்கிறேன். உன் அண்ணன் அடித்த தாள்களில் ஒன்றில் மை இழுத்துவிட்டது என்று வீட்டுக்குக் கொண்டுவந்தார். 'மருத்துவமனை' என்று ஒரே ஒரு சொல். சும்மா இருக்கட்டும் என்று சமையலறைச் சுவரில் ஒட்டினேன். அடுப்புப் பக்கம் நின்று கண்ணாடி போடாமல் படித்தேன். கூடத்தில் போய் நின்று படித்தேன். தெருவில் இறங்கி, திறந்திருந்த கதவு வழியாகப் படித்தேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் என்னையும் அந்தச் சொல்லையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, உடம்புக்கு முடியலையா?" என்றார்.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. எங்கள் துறைக்குத்தான் இருந்தது. பழைய பலகையில் ஈர்க்குச்சி மாதிரி எழுத்து. போன மாதம் ஒரு வயதான தம்பதி மருத்துவமனைப் படகு என்று நினைத்துக் கல்லூரிப் படகில் ஏறிவிட்டார்கள். அந்த மனுஷருக்கு அன்றைக்குக் கண் ஆபரேஷன். திரும்பி வருவதற்குள் டாக்டர் போய்விட்டார். அந்த அம்மா என்னிடம் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. "எங்களுக்குத்தான் படிக்கத் தெரியலம்மா" என்றார். அவர் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், நண்டு. அன்றைக்கே முடிவு செய்தேன்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கேள். பலகை மாட்டின அன்று மத்தியானப் படகில் ஏறி, கடைசி வரிசையில் உட்கார்ந்து, துறையைப் பார்த்துக்கொண்டே போனேன். அந்த நேரத்து வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தும். பழைய பலகை படகு கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே கரைந்துவிடும். வெளிச்சம் முதலில் எழுத்தின் நுனியைத்தான் தின்னும். ட-வின் கொம்பு போகும், ப-வின் காது போகும், அப்புறம் எல்லாம் ஒரே வெள்ளை. உன் தடியனை வெளிச்சம் தின்னப் பார்த்தது, தின்ன முடியவில்லை. நுனியில்தானே அவனுக்குச் சதை! ஆற்று வளைவு வரை படித்துக்கொண்டே போனேன். படகோட்டி திரும்பிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் நம்ம துறைக்கு ஒரு முகம் வந்துருக்கு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, "எங்க வீட்டுப் பொண்ணு வரைஞ்சது" என்று படகு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

அந்த முனையையா வெட்டிக்கொண்டிருக்கிறாய்? உனக்கென்ன கிறுக்கா?

பி.கு.: எழுத்து இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று கால அட்டவணை, பயண விதிகள், எச்சரிக்கை எல்லாவற்றையும் தடியனிலேயே அடித்து ஒட்டிவிட்டேன். ஒரு துறைக்கு ஒரு கை என்று இருந்தால்தானே அழகு!

அண்ணி


ஜூன் 11

அண்ணி,

கால அட்டவணையுமா?

ஐயோ அண்ணி, தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. யானையைக் கொண்டுபோய் ஊசியில் நூல் கோர்க்கச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. தடியனின் உடம்பில் வெள்ளை இடமே குறைவு. ண-வின் சுழிக்குள்ளும் ஞ-வின் வயிற்றுக்குள்ளும் இருக்கிற அந்தச் சின்ன வெள்ளையில்தான் அவன் மூச்சு விடுகிறான். அவனைச் சிறிதாக்கினால் சுழி அடைத்துக்கொள்ளும், விரிந்த முனைகள் பக்கத்து எழுத்தோடு இடித்துக்கொள்ளும், வரி முழுக்க ஒரே கரித்தூள். எண்கள் இன்னும் மோசம். மூன்றின் வாய் மூடி எட்டாகிவிடும். இன்றைக்கே அதைக் கிழித்துவிடுங்கள். வேறு ஏதாவது ஒல்லியான, சாதுவான எழுத்தில் அடியுங்கள். அட்டவணைக்கு முகம் வேண்டியதில்லை, தெளிவு இருந்தால் போதும்.

தடியன் வேலைக்காரன்தான், ஆனால் எல்லா வேலைக்கும் இல்லை. புத்தக அட்டையில் தலைப்பாக நிறுத்தலாம். கடை வாசலில், கல்லில், லாரியின் பக்கவாட்டில் நிறுத்தலாம். ஒரு சொல், இரண்டு சொல், மிஞ்சினால் ஒரு வரி. அவனைப் பத்தி பத்தியாகப் பேச வைத்தால் கூட்டத்தில் மைக் கிடைத்த மாமா மாதிரி ஆகிவிடுவான். ஆனால் அந்த ஒரு சொல்லை அவன் சொன்னால் மறக்காது. அதட்டாமலே குரல் கேட்கும். அதற்காகத்தான் அவனை வரைந்தேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். கோபம் அப்படியே இருக்கிறது, இது வேறு விஷயம். அந்த மத்தியான வெயிலில் எந்த எழுத்து முதலில் மங்கியது? 'சந்தை'யில் ந் மேலிருக்கிற புள்ளி தனியாகத் தெரிந்ததா, அல்லது எழுத்தோடு ஒட்டிக்கொண்டதா? 'மருத்துவமனை'யில் த்து எப்படி இருந்தது? நான் தடியனை இந்த மேஜையைத் தாண்டிப் பார்த்ததே இல்லை, அண்ணி. முனைகளை விரித்தது எனக்கு அப்படிப் பிடித்திருந்தது என்பதால்தான். அதற்குத் தண்ணீரில் ஒரு வேலை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தில் அந்தப் பத்தியை மட்டும் பல தடவை படித்தேன்.

இருந்தாலும் முடிவு மாறவில்லை. பற்பசை டப்பாவுக்கும் சோப்பு உறைக்கும் எழுத்து போட்டுத்தான் இத்தனை நாள் தடியனை வளர்த்தேன். கம்பெனி வாங்கினால் இனி எழுத்து மட்டும் வரைந்து பிழைக்கலாம். வெட்டின வடிவத்தில் ஒரு தாள் இத்துடன் வைத்திருக்கிறேன். பாருங்கள், அப்படியொன்றும் மோசமில்லை. சுத்தமாக இருக்கிறது. யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

மாதக் கடைசிக்குள் பலகைகள் இறங்கிவிட வேண்டும்.

நாத்தனார்


ஜூன் 16

நண்டுக்கு,

உன் வாய்க்குச் சர்க்கரை போட மாட்டேன், மிளகாய்தான். நீ எழுதினது வந்து சேர்வதற்குள் நடந்துவிட்டது.

ஒரு வியாபாரி அட்டவணையில் மூன்றை எட்டு என்று படித்துவிட்டு, சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். படகு போய்விட்டது. நான்கு கூடை பூ வாடிவிட்டது. மனுஷர் தலைமை அலுவலகத்துக்கே எழுதிவிட்டார். அங்கிருந்து மேற்பார்வையாளர் வந்தார். எங்கள் பணியாளர்கள் அவருக்கு வைத்திருக்கிற பெயர் அளவுகோல். எதைப் பார்த்தாலும் சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்து அளப்பார். என்னையும் ஒரு நாள் அளப்பார் என்று நினைக்கிறேன்.

அட்டவணைக்கு முன்னால் நின்று மூக்கு ஒட்டும்படி படித்தார். "இது என்ன எழுத்தும்மா, எறும்புக் கூட்டமா?" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கிழித்துவிட்டேன். நீ சொன்ன மாதிரி ஒல்லியான எழுத்தில் அடித்துத் தனியாக ஒட்டியாகிவிட்டது. ஒரு குழப்பமும் இல்லை. நீ சொன்னது சரி. அதை எழுதும்போது கை கொஞ்சம் நோகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

அப்புறம் பெரிய பலகைகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தார், நடந்தார், ஆற்றில் விழுந்துவிடுவாரோ என்று நான் கையைப் பிடிக்க வேண்டியதாயிற்று. "நல்லாத்தாம்மா இருக்கு" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். "எங்க நாத்தனார் வரைஞ்சது சார்" என்று குதித்தேன். உடனே கேட்டார், "எழுதிக் குடுத்த அனுமதி எங்க?"

அவ்வளவுதான். வரைந்தவரின் எழுத்துப்பூர்வமான அனுமதி மாதக் கடைசிக்குள் வர வேண்டும். பலகையில் வரைந்தவர் பெயர் இருக்க வேண்டும், அது விதி. வராவிட்டால் பழைய ஈர்க்குச்சிப் பலகைகளே திரும்ப மாட்டப்படும். கேட்காமல் எடுத்ததற்காக என்னைத் துறையிலிருந்து சாமான் கிடங்குக்கு மாற்றுவார்கள். கிடங்கில் ஜன்னல்கூடக் கிடையாது.

நான் உன்னிடம் கையேந்தவில்லை, தெரிந்துகொள். திருடினவளுக்குக் கிடங்கு சரிதான். எனக்கு நீ அனுமதி கொடுத்தால் கம்பெனி உன்னை விட்டுவிடும் என்பதும் புரிகிறது. உன் இரண்டு வருடத்தை என் வேலைக்காக நான் கேட்க மாட்டேன். நீ சொன்னால் நானே ஏணி போட்டுக் கழற்றுகிறேன்.

ஆனால் உன் அந்தச் சுத்தமான தாளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. உன் அண்ணனை விட்டு அதைப் பெரிதாக அடித்து, தடியனுக்குப் பக்கத்தில் ஒட்டி, மறுபடி படகில் போனேன். மங்கினது அதுதான் முதலில். ம-வும் ப-வும் ஒன்றாகிவிட்டன. தடியன் அப்படியே நின்றான். 'த்து' தெளிவாக இருந்தது. புள்ளி ஒட்டவில்லை. நீ கேட்டதற்காகப் பார்த்து வைத்தேன். வெட்டினதும் எழுத்துதான் நண்டு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது யாரோ. அவன் இல்லை.

அண்ணி


ஜூன் 21

அன்புள்ள அண்ணி,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இதை எப்படியாவது தபாலில் போட்டுவிடப் போகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று வேலை ஓடவில்லை. வெட்டியது ஒன்று, வெட்டாதது ஒன்று, இரண்டையும் துண்டுத் தாள்களில் அடித்து ஒட்டிப் பெரிதாக்கி மாடிக் கைப்பிடிச் சுவரில் வெளிப்பக்கமாகத் தொங்கவிட்டேன். தெருக்கோடிக்குப் போய்ப் பார்த்தேன். என் வீட்டுக்குக் கீழே இருக்கிற சைக்கிள் கடைக்காரர், "என்னம்மா, வீடு வாடகைக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எதுக்கு இவ்ளோ சத்தமா எழுதியிருக்கீங்க?" என்றார். எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். தடியனைக் காட்டினார். மற்றொன்றை அவர் கவனிக்கவே இல்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. தாளை எடுக்கக்கூட ஓடாமல் அங்கேயே நின்றேன். மழைக்குள்ளே அந்த ட கால் ஊன்றி நின்றதைப் பார்த்தேன் அண்ணி. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் வரைந்ததை நானே பார்த்து அழுவது கேவலம் என்று தெரியும். ஆனால் அது நான் வரைந்த மாதிரியே இல்லை, யாரோ நல்ல கைக்காரி வரைந்தது மாதிரி இருந்தது. அவள்மேல் பொறாமைப்பட்டேன்.

அறைக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் அடுத்து வெட்ட வேண்டியது ழ. அதன் வாலை எப்படி முடிப்பது என்று இரண்டு வருடமாகத் தெரியாமல் இருந்தது. அன்றைக்குத் தெரிந்துவிட்டது. கீழே இறக்கி, இடது பக்கம் திருப்பி, கடைசியில் விரித்துவிட வேண்டும். அவ்வளவுதான். விரித்தேன். உட்கார்ந்தது! வெட்ட வேண்டிய நாளில் விரித்து வைத்திருக்கிறேன், என் புத்தி அப்படி.

இருந்தாலும் பயமாக இருக்கிறது. உங்களுக்கு அனுமதி கொடுத்தால் கம்பெனி போய்விடும். இன்னொரு கம்பெனி வரும் என்பதற்கு யார் ஜாமீன்? தோழிகள் எல்லோரும் "வெட்டிக் குடுத்துட்டு அடுத்த வேலையப் பாருடி" என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் தப்பில்லை. பற்பசை டப்பாவுக்குத் திரும்பிப் போவதை நினைத்தால் வாயெல்லாம் கசக்கிறது. உங்களைக் கிடங்கில் நினைத்துப் பார்த்தாலும் அதே கசப்புதான். ஜன்னல் இல்லாத அறையில் நீங்கள் யாரோடு பேசுவீர்கள்? மூட்டைகள் ஓடிவிடும்.

இன்னும் முடிவு எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நண்டு


ஜூன் 25

படகுத்துறைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

தங்கள் துறையின் பெயர்ப் பலகைகளில், நான் வரைந்த 'தடியன்' என்னும் முனை விரிந்த தடித்த எழுத்தைப் பயன்படுத்திக்கொள்ள இதன்மூலம் அனுமதி அளிக்கிறேன். கீழ்க்கண்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டது.

எழுத்தின் முனைகளை யாரும், எக்காரணம் கொண்டும், வெட்டவோ சீவவோ கூடாது. தடியனை ஒரு சாண் உயரத்துக்கும் கீழே குறைத்து எங்கேயும் போடக் கூடாது. அவன் நிற்கிற பலகையில் வேறு எந்த எழுத்தையும் கலக்கக் கூடாது. கால அட்டவணை பக்கமே அவனை விடக் கூடாது. 'வழி' என்ற பலகையில் இருக்கும் ழ-வைக் கழற்றிவிட்டு, இத்துடன் வைத்திருக்கும் புது ழ-வை மாட்ட வேண்டும்.

இப்படிக்கு, எழுத்தை வரைந்தவள்

இதற்குக் கீழே அளவுகோல் படிக்க வேண்டாம், அண்ணி மட்டும்.

கம்பெனிக்கும் இன்றைக்கே மின்னஞ்சலில் எழுதிவிட்டேன், முனையை வெட்ட முடியாது, மன்னிக்கவும் என்று. பதில் உடனே வந்தது, மிகவும் வருத்தப்படுகிறார்களாம். எனக்குத்தான் வருத்தமே வரவில்லை. கொஞ்சம் தலை சுற்றியது. வெட்டி வைத்திருந்த பாதியைத் திரும்ப விரித்துக்கொண்டிருக்கிறேன். காலையிலிருந்து ஒரு சோப்பு உறை வந்து காத்திருக்கிறது, அதையும் செய்வேன்.

உங்களுக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லாதீர்கள். பாதிதான் உங்களுக்காக. மீதி, அவனை ஆற்று வளைவு வரை போய்ப் பார்த்த ஒரே ஆள் நீங்கள் என்பதற்காக. இத்தனை வருடத்தில் என் எழுத்தைப் பற்றி அழகாக இருக்கிறது, அழகாக இல்லை என்று சொன்னவர்கள் நிறைய. அது என்ன செய்தது என்று எனக்குச் சொன்னது நீங்கள்தான்.

கோபம் தீர்ந்துவிட்டது. ஆனாலும் கேட்டிருக்கலாம்.

நண்டு


ஜூலை 2

என் தங்கமே,

பலகைகள் அப்படியே இருக்கின்றன. நானும் துறையிலேயே இருக்கிறேன், ஜன்னலோடு. உன் புது ழ மாட்டியாகிவிட்டது. ஏணியில் ஏறிக் கழற்றி மாட்டினது உன் அண்ணன். இறங்கி வந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வாலை நல்லா ஆட்டிட்டு நிக்குது, அவளை மாதிரியே" என்றார். உடனே ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அளவுகோல் உன் கடிதத்தை வரிவரியாகப் படித்தார். கீழே இருந்ததை நான் மடித்து வைத்திருந்தேன். "ஒரு சாண்னா யாரோட சாண்?" என்று கேட்டார். நான் என் கையை விரித்துக் காட்டினேன். டேப்பை எடுத்து அளந்து குறித்துக்கொண்டார்.

பிறகு பெயர் விஷயத்துக்கு வந்தார். "வரைஞ்சவங்க பேரை ஒவ்வொரு பலகைக்கும் அடியில சின்னதாப் போட்டுடுங்க, வழக்கமாப் போடற மாதிரி." நான் சொன்னேன், "சார், சின்னதாப் போடக் கூடாதுன்னு நிபந்தனை இருக்கே." "அப்ப வேற எழுத்துல போடுங்க." "வேற எழுத்தைக் கலக்கக் கூடாதுன்னும் இருக்கு சார்." திரும்ப எடுத்துப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். ஒரு சாண் எழுத்துக்குப் பலகையின் அடியில் இடம் இருக்கிறதா என்று அளந்தார். இல்லை. அவர் விதியை மீற மாட்டார், மற்றவரையும் மீற விட மாட்டார். கடைசியில் பெருமூச்சு விட்டு, "அப்ப தனிப் பலகைதாம்மா வழி" என்றார். நான் சிரிக்கவே இல்லை, சத்தியமாக. அவர் படகு ஏறின பிறகுதான் சிரித்தேன்.

அதனால் இப்போது எங்கள் துறையில் சந்தை இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது, கல்லூரி இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் அதே நீலத்தில், அதே உயரத்தில், உன் பெயர் இருக்கிறது. ஒரு சாண் என்று நீ சொன்னது குறைந்தபட்சம்தானே? மற்றவற்றுக்குச் சமமாகவே போட்டுவிட்டேன். உன் பெயரின் கடைசி எழுத்து முடிகிற இடத்தில் கோடு விரிகிறது பார், அதை அந்த அளவில் நீ பார்க்க வேண்டும். நேற்று நானே படகில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வளைவு திரும்புகிற வரை தெரிகிறது. மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் நன்றாகத் தெரிகிறது என்று எனக்குத் தோன்றியது, அது என் கண்ணின் கோளாறாகவும் இருக்கலாம்.

ஒரே ஒரு தொந்தரவு. வருகிறவர்கள் அதையும் ஓர் ஊர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இன்று காலை ஒரு பெண் பெட்டியும் கையுமாக வந்து, அந்தப் பலகையைக் காட்டி, "அக்கா, இந்த ஊருக்குப் படகு எப்ப?" என்று கேட்டாள்.

"அந்த ஊருக்குப் படகு கிடையாதும்மா," என்றேன். "அது என் நாத்தனார். அவதான் இங்க வரணும்."

அண்ணி